கடனில் மூழ்கிய கேம் கம்பெனி கரையேறியது எப்படி: ஹால் லேபரட்டரி, 1992 முதல் 1999 வரை

தொண்ணூறுகளில் வீட்டில் 'டிவி கேம்' வைத்திருந்தவர்களுக்கு அந்த மஞ்சள் கேசட் மறந்திருக்காது. மேலே '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது முப்பதோ நாற்பதோ கேம்தான். மிச்சமெல்லாம் அதையே பெயர் மாற்றி அடுக்கியது. அதில் ஒரு கேமில், இரண்டு பலூனைக் கட்டிக்கொண்டு ஒருவன் கையை அடித்து அடித்துப் பறப்பான். எதிரியின் பலூனை மிதித்து உடைக்க வேண்டும். தண்ணீருக்குக் கிட்டே போய்விட்டால் பெரிய மீன் ஒன்று எழும்பி லபக்கென்று விழுங்கிவிடும். எஃப்-1 ரேஸ், பின்பால் எல்லாம் இந்த மாதிரி கேசட்டுகளில் வந்தவைதான். திருட்டு கேசட்தான், அது வேறு கதை. இந்த மூன்றிலும் கைவைத்தது ஜப்பானில் ஒரே ஒரு சின்ன கம்பெனி என்று எனக்குத் தெரியவந்தது ரொம்ப நாள் கழித்து.

அந்தக் கம்பெனி ஹால் லேபரட்டரி. ஜப்பானில் சுருக்கமாக 'ஹாருகென்' என்பார்கள். பலூன் கேமுக்கு, அதாவது 'பலூன் ஃபைட்'டுக்கு, புரோகிராம் எழுதியவர் சடோரு இவாட்டா. 1992-ல் அந்தக் கம்பெனி நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு நின்றது. அடுத்த வருஷம் இவாட்டா அதன் தலைவரானார். அடைக்க வேண்டிய கடன் 150 கோடி யென். வருஷத்துக்கு 25 கோடி வீதம் ஆறு வருஷத்தில் அடைத்துவிட்டார்கள்.

மேலாண்மை பேசுகிறவர்களுக்கு இந்தக் கதை அல்வா மாதிரி. "கிர்பி என்ற ஹிட் கேரக்டர் வந்தது, கம்பெனி பிழைத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிர்பி பணம் கொண்டுவந்தது நிஜம். ஆனால் அந்த ஆறு வருஷத்தையும் ஓட்டியது அதைவிடப் பழைய ஒரு பழக்கம் என்று நினைக்கிறேன்: முதலில் கருவியைச் செய், பிறகு கேமைச் செய், அடுத்தவர் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் போய்க் கைகொடு. இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது, என்ன செய்தது, அதற்குக் கம்பெனி என்ன விலை கொடுத்தது என்று பார்க்கலாம்.

இகெபுகுரோ கடை

இவாட்டா ஹொக்கைடோக்காரர். 1959-ல் சப்போரோவில் பிறந்தவர். பள்ளிக்கூட நாளிலேயே எச்பி கம்பெனியின் புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேம் எழுதியவர். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த பிறகு கொமடோர் பெட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். இகெபுகுரோவில் செய்பு என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். அதில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு மூலை. வாங்குவதற்கு இல்லை, சும்மா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க வருகிற கூட்டம் ஒன்று அங்கே சேர்ந்தது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1980 பிப்ரவரியில் கம்பெனி பிறந்தது. பெயர்க் காரணம் ஒரு குறும்பு: ஆங்கில அகரவரிசையில் ஐ-பி-எம் என்ற மூன்று எழுத்துக்கும் ஒவ்வொரு எழுத்து முன்னால் போனால் எச்-ஏ-எல். ஐபிஎம்முக்கு ஒரு படி முன்னால் நிற்கிறோமாம். ஆள் பலம் விரல் விட்டு எண்ணிவிடலாம், பேச்சு மட்டும் பெரிசு.

இவாட்டா முதலில் பகுதிநேரம், 1982-ல் படிப்பு முடிந்ததும் முழுநேரம். அவர் அப்பா அப்போது முரோரான் நகரத்தின் மேயர். மகன் இப்படிப் பெயர் தெரியாத ஒரு கம்பெனியில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்ததில் அவருக்கு ஏக வருத்தம். ஆறு மாதம் மகனோடு பேசவில்லை என்று இவாட்டாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பையன் நல்ல காலேஜில் படித்துவிட்டு விளையாட்டுச் சாமான் செய்யப் போகிறான் என்றால் எந்த ஊர் அப்பாவும் அப்படித்தான் இருப்பார்.

அந்த ஆரம்ப காலத்தில் ஹாலுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு கேம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது ஜப்பானில் நன்றாக விற்ற கம்ப்யூட்டர் என்இசி-யின் பிசி-8001. அதில் திரையில் தெரியும் எழுத்து வடிவங்கள் எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவானவை. நாமாக ஒரு விண்கலம் வரைய முடியாது. ஹால் செய்து விற்றது, அந்த எழுத்து வடிவங்களை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் பிசிஜி என்ற இணைப்புக் கருவி. 'அ' இருக்கிற இடத்தில் விண்கலத்தை வைக்கலாம், 'ஆ' இருக்கிற இடத்தில் குண்டு. அதை மாட்டியவுடன் அந்த அலுவலகப் பெட்டி கேம் ஆடும் பெட்டியாகிவிடும். கேம் செய்ய விரும்புகிற மற்றவர்களுக்கான கருவி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

புள்ளிக்குள் புள்ளி

1983 ஜூலையில் கியோட்டோவைச் சேர்ந்த நின்டெண்டோ என்ற கேம் கம்பெனி, டிவியில் மாட்டி ஆடும் ஃபேமிகாம் என்ற கன்சோலைக் கொண்டுவந்தது. அதன் மூளை 6502 என்ற சில்லின் வம்சம். கொமடோர் பெட்டிலும் அதே சில்தான் என்பதால் இவாட்டாவுக்கு அது தண்ணிபட்ட பாடு. மற்ற கம்பெனிகளின் ஆட்கள் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தபோது இவர் எழுதவே தொடங்கிவிட்டார். 'கோல்ஃப்' கேமை, 18 குழிகளும் ஒரு கேசட்டின் சின்ன கொள்ளளவுக்குள் அடங்காது என்று பல இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். இவாட்டா வாங்கிக்கொண்டார். தகவலைச் சுருக்கி வைக்கும் வழியைத் தானே கண்டுபிடித்து அடக்கிக் காட்டினார். நின்டெண்டோ ஒரு வேலையை ஹாலுக்குக் கொடுத்தால் எப்படியாவது முடித்துவிடுவார்கள் என்ற பெயர் அங்கே தொடங்கியது.

பலூன் ஃபைட்டை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஃபேமிகாமின் திரை அகலவாக்கில் 256 புள்ளிகள். பலூன்காரன் இருக்கும் இடத்தை முழு எண்ணாக வைத்தால், அவன் நகரக்கூடிய மிகக் குறைந்த தூரம் ஒரு புள்ளி. திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி என்றால் நொடிக்கு 60 புள்ளி. நாலு நொடி சொச்சத்தில் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவான். அதைவிட மெதுவாக நகர்த்த வேண்டுமென்றால் சில முறை நகர்த்தாமல் நிறுத்தி நிறுத்தி விட வேண்டும். பார்க்கத் திக்கித் திக்கிப் போவது போலிருக்கும். பலூனோ மிதக்க வேண்டும். எழும்பும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு இறங்க வேண்டும். இவாட்டா செய்தது என்னவென்றால், இடத்தைத் தசம பின்னத்தோடு கணக்கு வைத்தார். திரையில் தெரிவது முழுப் புள்ளிதான். ஆனால் உள்ளுக்குள் அவன் 'நூறே கால்' புள்ளியில் நிற்கலாம், அடுத்த கணம் 'நூற்று அரை'யில் நிற்கலாம். பின்னம் சேர்ந்து சேர்ந்து ஒன்றானதும் திரையில் ஒரு புள்ளி நகரும். அந்தக் காற்றில் மிதக்கிற உணர்வு இவ்வளவுதான்.

இதே கேமின் ஆர்கேட் வடிவத்தை, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வடிவத்தை, எழுதியவர் எஸ்ஆர்டி கம்பெனியின் தோஷிஹிகோ நாகாகோ. வீட்டுப் பெட்டியில் ஓடுவது தன்னுடையதைவிட வழுவழுப்பாக இருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இவாட்டா மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். 1985-ல் வந்த சூப்பர் மரியோவில் தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்களில் அதே உத்தி வேலை செய்கிறது. போட்டிக் கம்பெனிக்காரனிடம் தொழில் ரகசியத்தைச் சொல்வதா என்று நம் ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ஒரு பதிலால் ஹாலுக்குச் சம்பாத்தியம் எதுவும் இல்லை. ஆனால் கியோட்டோவில், நின்டெண்டோவின் உள்வட்டத்தில், இந்தப் பையன் யார் என்று தெரிந்துவிட்டது.

வினை எங்கிருந்து வந்தது

எண்பதுகளின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை வானத்தில் இருந்தது. யார் கையில் காசு இருந்தாலும் மண்ணிலும் கட்டடத்திலும் போட்டார்கள். ஹாலும் விதிவிலக்கு இல்லை. டோக்கியோவுக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன யமனாஷி மாவட்டத்தில் ரியுஓ என்ற ஊரில் பெரிய வளாகம் எழும்பியது. பிறகு குமிழி உடைந்தது. விலை சரிந்தது, வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது.

கட்டடத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. கேம்களும் கையை மீறிப்போயின. பெரிய உதாரணம் 'மெட்டல் ஸ்லேடர் குளோரி'. படக்கதை மாதிரி நகரும் சாகச கேம். ஃபேமிகாமில் அவ்வளவு நுணுக்கமான படங்களை அதுவரை யாரும் பார்த்ததில்லை. செய்து முடிக்க நான்கு வருஷம். 1991 ஆகஸ்டில் கடைக்கு வந்தபோது அடுத்த தலைமுறை கன்சோலான சூப்பர் ஃபேமிகாம் வந்தே ஒன்பது மாதம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, அத்தனை படத்தையும் அடக்க 8 மெகாபிட் கொண்ட விலை உயர்ந்த கேசட் வேண்டியிருந்தது. போட்ட சரக்கு விற்றுத் தீர்ந்தும் செலவு திரும்பவில்லை. பின்னாளில் சேகரிப்பவர்கள் அந்தக் கேசட்டைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதனால் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில் கேம் உருவாக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இவாட்டாதான். அதனால் இவர் வெளியிலிருந்து வந்த ரட்சகர் ஒன்றும் இல்லை. வீடு எரிந்தபோது உள்ளே இருந்தவர்களில் ஒருவர். இதை விட்டுவிட்டுக் கதை சொல்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

1992-ல் ஹால் 'வாகி' என்ற சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போனது. கம்பெனியைக் கலைத்து விற்காமல், கடன்காரர்களோடு உடன்பாடு செய்துகொண்டு தொழிலை நடத்தியபடியே தவணையில் அடைப்பதற்கான பழைய ஜப்பானியச் சட்டம் அது. இப்போது வழக்கில் இல்லை.

யமாவுச்சி போட்ட கண்டிஷன்

நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கைகொடுக்க முன்வந்தார். கூடவே ஒரு கண்டிஷன்: இவாட்டாவைத் தலைவராக்க வேண்டும். 33 வயது, நிர்வாகம் படித்தவர் இல்லை, கீபோர்டை விட்டு எழுந்தவர் இல்லை. யமாவுச்சி ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் தருவார்கள். கோல்ஃபும் பலூன் ஃபைட்டும் போட்ட அஸ்திவாரம் என்று நான் சொல்வேன். மாட்டேன் என்று போயிருக்கலாமே என்ற கேள்விக்கு இவாட்டா தந்த பதிலின் சாரம்: கூட வியர்வை சிந்தினவர்களை விட்டுவிட்டு ஓடினால் வாழ்நாள் முழுக்க உறுத்தும்.

1993-ல் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை செலவுப் பட்டியலை எடுத்தது இல்லை. ஒரு மாதம் முழுக்க, வேலை செய்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார். சிலரோடு இருபது நிமிஷம், சிலரோடு மூன்று மணி நேரம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நீங்கள் இப்போது சந்தோஷமாக இருக்கிறீர்களா?"

கம்பெனி திவாலாகி, தெருவில் நிற்கப்போகிறோமோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிறவனிடம் இப்படி ஒரு கேள்வி. கேட்டவுடன் சிரிப்பு வரலாம். ஆனால் புரோகிராமர் கண்ணோடு பார்த்தால் விஷயம் புரியும். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் கைக்கு வந்த இடத்தை எல்லாம் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. மொத்த நேரத்தையும் தின்னும் இடம் பெரும்பாலும் ஒரு சின்ன மூலையில் இருக்கும். அந்த இடுக்கைக் கண்டுபிடிக்காமல் மற்ற இடத்தில் எவ்வளவு வேர்வை சிந்தினாலும் வேகம் கூடாது. கம்பெனியும் அப்படித்தான் என்பது இவாட்டாவின் கணக்கு. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேட்காமல் மேலே உட்கார்ந்து முடிவெடுத்தால் தப்பாகத்தான் முடியும். இந்தப் பேச்சை ஒரு முறையோடு விடவில்லை. 80, 90 பேர் இருந்த கம்பெனியில் வருஷத்துக்கு இரண்டு முறை, தலைவராக இருந்த காலம் முழுக்க.

உருண்டைப் பையன்

அதற்கு ஒரு வருஷம் முன்னால், கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த அதே 1992-ல், ஏப்ரல் 27 அன்று நின்டெண்டோவின் கையடக்க கேம் பெட்டியான கேம்பாயில் ஒரு சின்ன கேம் வெளிவந்திருந்தது. மசாஹிரோ சகுராய் என்ற இளைஞர், 19 வயதில் போட்ட திட்டம். புதிதாக கேம் ஆடுகிறவர்களும் கடைசிவரை போக வேண்டும் என்பது அவர் எண்ணம். நாயகன் எப்படி இருப்பான் என்று முடிவாகும்வரை, சோதனைக்காகக் கண்ணும் காலும் வைத்த ஓர் உருண்டையைத் திரையில் ஓடவிட்டிருந்தார். பார்க்கப் பார்க்க அந்த உருண்டையே பிடித்துப்போய்விட்டது. வேறு நாயகன் வரவே இல்லை.

கேமுக்கு முதலில் வைத்த பெயர் 'டிங்கிள் போப்போ'. ஹாலே வெளியிடுவதாக இருந்தது. கடைகளிடமிருந்து 26,000 முன்பதிவும் வந்துவிட்டது. அந்த நேரத்தில், மரியோவை உருவாக்கிய நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ பார்த்துவிட்டு, இதை இப்படியே விட்டால் வீணாகிவிடும், கொஞ்சம் மெருகேற்றினால் எங்கேயோ போகும் என்றார். வந்த ஆர்டரைத் திருப்பிக்கொடுப்பது வியாபாரத்தில் அவமானம். பணத்துக்கு அலைந்துகொண்டிருக்கும் கம்பெனிக்குக் கேட்கவே வேண்டாம். அப்படியும் திருப்பிக்கொடுத்தார்கள். கேம் நின்டெண்டோவின் பெயரில், 'கிர்பி' என்ற புதுப் பெயரோடு வந்தது. டாங்கி காங் என்ற கேம் தொடர்பான வழக்கில் நின்டெண்டோவுக்காக வாதாடி ஜெயித்த வக்கீல் ஜான் கிர்பியின் பெயரும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம். உலகம் முழுக்க 50 லட்சத்துக்கு மேல் விற்றது. 26,000 எங்கே, 50 லட்சம் எங்கே!

சரி, அப்போது கிர்பிதானே காப்பாற்றியது? ஒரு விதத்தில் ஆமாம். ஆனால் அந்த உருண்டை ஹாலின் கையிலேயே இருந்திருந்தால் டிங்கிள் போப்போ என்ற பெயரில் சில ஆயிரம் விற்று மறைந்திருக்கும். தன் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, செய்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் அது கிர்பி ஆனது. அதே முடிவுதான் பின்னாளில் வேறு விதமாகக் கடித்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தவர் முட்டுச்சந்தில்

விளம்பர எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஷிகெசாட்டோ இட்டோய் 'மதர் 2' என்ற ஆர்பிஜி கேமை, அதாவது கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் பயணிக்கும் கேமை, நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். படம் இருந்தது, இசை இருந்தது, இட்டோயின் வசனம் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஓடும் கேம் மட்டும் இல்லை. கிட்டத்தட்ட நின்றேபோன நிலையில் இவாட்டாவை அழைத்தார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னது ஜப்பானிய கேம் உலகில் எல்லோருக்கும் மனப்பாடம்: இருப்பதை வைத்துச் சரிசெய்யச் சொன்னால் இரண்டு வருஷம் ஆகும், முதலிலிருந்து எழுதச் சொன்னால் அரை வருஷம் போதும்.

கெத்தான வசனம். ஆனால் அந்த அரை வருஷம் எப்படி சாத்தியமானது என்பதுதான் நமக்கு வேண்டியது. இவாட்டா முதலில் எழுதியது கேமை இல்லை. வரைகிறவர், வசனம் எழுதுகிறவர், ஊர்களை அமைக்கிறவர் எல்லோரும் புரோகிராமருக்காகக் காத்திருக்காமல் அவரவர் வேலையை நேரடியாகக் கேமுக்குள் வைத்துப் பார்க்க உதவும் கருவிகளை எழுதினார். நான்கு வருஷம் வரிசையில் நின்ற வேலைகள் பக்கவாட்டில் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. பிசிஜி பெட்டி விற்ற அதே புத்தி. சொன்னபடி அரை வருஷத்தில் கேம் ஓடியது. அதற்குமேல் மெருகேற்ற இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டு 1994 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். தலைமேல் 150 கோடி கடன் வைத்திருக்கிற கம்பெனித் தலைவர், அடுத்தவரின் கேமுக்குள் உட்கார்ந்து கருவி எழுதிக்கொண்டிருந்தார் என்பதை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள்.

போகிமான் கதையும் இதே ரகம். 1996-ல் கேம்பாயில் வந்த போகிமானின் சண்டைப் பகுதியை நின்டெண்டோ 64 என்ற வீட்டு கன்சோலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கேம் ஃப்ரீக் கம்பெனியில் அதை எழுதியவர் ஷிகெகி மொரிமோட்டோ. தனி விளக்கக் குறிப்பு எதுவும் கிடையாது. இவாட்டா அந்தப் புரோகிராமை வாங்கி, படித்து, ஒரு வாரத்தில் புது மெஷினில் ஓடவைத்தார். தான் நாள்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியதை ஒரு வாரத்தில் பெயர்த்துவிட்டாரே, இவர் என்ன மாதிரி கம்பெனித் தலைவர் என்று மொரிமோட்டோ வியந்துபோனாராம்.

அப்புறம் 1999-ல் வந்த அடுத்த போகிமான் கேம்கள் 'கோல்டு', 'சில்வர்'. இவாட்டா புரோகிராமைச் சுருக்கியதால்தான் முதல் கேமில் இருந்த கான்டோ பிரதேசம் முழுவதும் அந்தக் கேசட்டுக்குள் வந்தது என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. நேர்காணலில் பதிவாகியிருப்பது அவ்வளவு சினிமாத்தனமாக இல்லை: படங்களைச் சுருக்கும் கருவிகளை எழுதிக் கொடுத்தார். மறுபடியும் கருவி.

சனி, ஞாயிறு

கடன் தவணை ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே சகுராயும் இவாட்டாவும் வார இறுதியில் ஒரு வேலை பார்த்தார்கள். ஒலிக்கு இன்னொருவர், மொத்தம் மூன்று பேர். திட்டம், உருவம், அசைவு எல்லாம் சகுராய். புரோகிராம் முழுக்க இவாட்டா. வார நாளில் தலைவர், சனி ஞாயிறில் புரோகிராமர். பெயர் 'சண்டை கேம்: ரியுஓ'. ரியுஓ என்றால் ஜப்பானிய மொழியில் டிராகன் ராஜா. கூடவே அவர்கள் ஆபீஸ் இருந்த ஊரின் பெயரும் அதுதான். பெயர் யோசிக்க நேரமில்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து வைத்த பெயர் போலிருக்கிறது.

சகுராய் ஒரு முறை ஆர்கேடில் சண்டை கேம் ஆடியபோது எதிரே இருந்தவரை அடித்துத் துவைத்துவிட்டார். எழுந்து பார்த்தால் ஒரு ஜோடி. புதிதாக ஆட வந்தவர்கள். அந்த உறுத்தல் அவருக்குள் தங்கிவிட்டது. மனப்பாடம் செய்த பட்டன் வரிசையால் எதிரியின் உயிர்க்கோடு வற்றிப்போகிற சண்டை வேண்டாம் என்று யோசித்தார். ரியுஓவில் உயிர்க்கோடே கிடையாது. அடி விழ விழ ஒரு சதவீதம் ஏறும். ஏற ஏற அடுத்த அடியில் இன்னும் தூரம் பறப்பீர்கள். மேடையை விட்டு வெளியே போனால் அவுட். 150 சதவீதத்திலும் ஒருவன் தத்தித் தாவித் திரும்பி வந்துவிடலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். முதலில் முகமே இல்லாத பொம்மைகள்தான் மோதின. பிறகு நின்டெண்டோவிடம் கேட்காமலேயே மரியோவையும் மற்றவர்களையும் உள்ளே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் சமநிலைக்கு வந்த பிறகுதான் காட்டினார்கள். முதலிலேயே கேட்டிருந்தால் மரியோவை டாங்கி காங் உதைப்பதா என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்.

1999 ஜனவரியில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' வந்தது. அதே வருஷம் கடைசித் தவணையும் முடிந்தது.

கணக்கின் மறுபக்கம்

2000-ல் இவாட்டா நின்டெண்டோவுக்குப் போனார். 2002-ல் அதன் தலைவரானார்; யமாவுச்சி குடும்பத்துக்கு வெளியே இருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். நடுவில் 2001-ல் ஸ்மாஷின் இரண்டாம் பாகம் 'மெலீ' சொன்ன தேதிக்கு முடியாது போலிருந்தது. நின்டெண்டோவின் நிர்வாகியாகிவிட்ட இவாட்டா, யமனாஷிக்கு வந்து மூன்று வாரம் பழையபடி புரோகிராமைப் படித்து, பிழை தேடி, முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தான் கடைசியாகப் பார்த்த புரோகிராமர் வேலை அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மெலீ, நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் அதிகம் விற்ற கேம் ஆனது. இவாட்டா 2015 ஜூலை 11-ல், 55 வயதில் காலமானார்.

ஆனால் அதே மெலீக்காக சகுராய் 13 மாதம் ஓய்வே இல்லாமல் உழைத்திருந்தார். 2003 ஆகஸ்டில் ஹாலை விட்டு விலகினார். ஒரு புதிய கேம் செய்தால் உடனே அதற்கு அடுத்த பாகம் எப்போது என்று எல்லோரும் கேட்பது அலுத்துவிட்டது என்றார். கிர்பியை உண்டாக்கியவரே கிர்பி கம்பெனியில் இருக்க முடியவில்லை. "சந்தோஷமாக இருக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள் அப்போது கியோட்டோவில் இருந்தார் என்பதை நான் எதற்கும் முடிச்சுப் போடவில்லை. நினைவு மட்டும் வருகிறது.

மீட்பின் விலை இதுதான். பிழைப்பதற்காக ஹால் தன் கேம்களை நின்டெண்டோவின் கையில் கொடுத்தது. காகிதத்தில் இன்றும் தனிக் கம்பெனி. ஆனால் தொண்ணூறுகளுக்கு முன்னால் சொந்தப் பெயரில் கேம் வெளியிட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோ, அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு மெஷினுக்கு, ஒரு பதிப்பாளருக்கு, ஒரு உருண்டைக்கு என்று சுருங்கியது. மெட்டல் ஸ்லேடர் மாதிரி கிறுக்குத்தனமான முயற்சி மறுபடி வரவில்லை. வராமல் இருந்ததால்தான் சம்பளம் வந்தது என்றும் சொல்லலாம். நான் அங்கே வேலை பார்த்திருந்தால் எனக்குச் சம்பளம்தான் முக்கியமாகப் பட்டிருக்கும்.

அந்த உருண்டையோடும் பாடு குறைவில்லை. 2000-ல் 'கிர்பி 64' வந்த பிறகு, வீட்டு கன்சோலுக்கு வழக்கமான ஒரு கிர்பி கேமை ஹாலால் பதினோரு வருஷம் முடிக்க முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஆடுவது என்று ஒன்று, முப்பரிமாணத்தில் ஒன்று, எதிரியின் திறமையைக் கிர்பி நகலெடுக்கும் முறையைப் புதுப்பித்து ஒன்று. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடாசினார்கள். 2011-ல் நால்வர் ஆடும் யோசனையைத் தூசி தட்டி எடுத்து ஒருவழியாக வெளியிட்டார்கள். முப்பரிமாணக் கிர்பி வர 2022 மார்ச் ஆனது. 'கிர்பி அண்ட் தி ஃபர்காட்டன் லேண்ட்' 60 லட்சத்துக்கு மேல் விற்றது.

அது ஏன் அவ்வளவு நாள் பிடித்தது என்று அந்தக் கேமைச் செய்தவர்கள் பிறகு விளக்கினார்கள். கிர்பி உருண்டை. பின்னாலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்றே தெரியாது. முப்பரிமாணத்தில் குதித்தால் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கண் ஏமாந்துபோகும். தரையைத் தொட்டுவிட்டான் என்று நினைத்து அடுத்த குதிப்புக்குப் பட்டனை அமுக்கினால், அவன் இன்னும் காற்றில் இருப்பான், குதிக்க மாட்டான். அதனால் கணக்கையே கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். தரைக்குச் சற்று மேலே இருக்கும்போதே பட்டனை அமுக்கினாலும், தரையைத் தொட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு குதிக்க விடுகிறது. அடியும் அப்படித்தான்: உண்மையில் எதிரிமேல் படாவிட்டாலும், கேமரா நிற்கும் கோணத்திலிருந்து பட்டது போலத் தெரிந்தால் பட்டதுதான். ஆடுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. தான் நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொள்வார்.